நெட்டலை கேட்காத ஊரில் ஒரு கார் வானொலி

ஆசிரியர் பெயர் அழிந்த சுவடி ஒன்று கைக்குக் கிடைத்தால் அதன் காலத்தை எவ்வாறு கணிப்பது என்பதற்குத் தமிழ் முதுகலை வகுப்புகளில் ஒரு முறை சொல்லித் தருவார்கள். நூலின் உள்ளிருந்தே பெறப்படும் அகச்சான்று முதலில். பிற நூல், கல்வெட்டு, செவிவழிச் செய்தி ஆகியவற்றால் பெறப்படும் புறச்சான்று அடுத்து. பிற்காலத்தார் எழுதிச் சேர்த்த இடைச்செருகலைப் பிரித்தறிவது அதற்கும் அடுத்து. இம்முறை ஓலைக்கும் தாளுக்கும் மட்டுமே உரியதன்று. பெயர்த்தகடு கழன்றுபோன பழைய பிரிட்டிஷ் கார் வானொலி ஒன்றின் முன் அமர்ந்தாலும் இதே வரிசையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. அப்படி நடந்து பார்த்ததை இங்கே எழுதிவைக்கிறோம். 'நாங்கள்' என்று வருமிடமெல்லாம் ஒரே கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் ஒருவரையும் இயற்பியல் கற்பிக்கும் ஒருவரையும் குறிக்கும்.

வீட்டு வானொலிகளைப் பற்றி நம்மில் பலருக்கு நினைவுகள் உண்டு. மர்பி, புஷ், பிலிப்ஸ் என்று பெயர் சொன்னாலே கூடத்து மேசையும் அதன் மேல் விரித்த பூவேலைத் துணியும் கண்முன் வந்துவிடும். கார் வானொலிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. கார் வைத்திருந்தவர்கள் ஊருக்குச் சிலர். அதில் வானொலியும் வைத்திருந்தவர்கள் அச்சிலரிலும் சிலர். கார் பழைய இரும்புக்குப் போனபோது வானொலியும் உடன்போயிற்று. எஞ்சியவற்றையும் இன்னது என்று அடையாளம் சொல்ல ஆளில்லை.

கொஞ்சம் வரலாறு. 1930இல் அமெரிக்காவில் கால்வின் நிறுவனத்தார் கார் வானொலி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்து 'மோட்டரோலா' என்று பெயரிட்டார்கள். பிற்பாடு நிறுவனத்துக்கே அப்பெயர் ஆயிற்று. பிரிட்டனில் சவுத்எண்ட் நகரத்து இ.கே. கோல் நிறுவனம் 'எக்கோ' என்ற பெயரில் வீட்டு வானொலிகளோடு கார் வானொலிகளையும் செய்தது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில், எச்.எம்.வி. இசைத்தட்டுகளை வெளியிட்ட கிராமபோன் கம்பெனியும், கார்களுக்கு வேகமானியும் கடிகாரமும் செய்துவந்த ஸ்மித்ஸ் நிறுவனமும் கூடி 'ரேடியோமொபைல்' என்ற கூட்டு நிறுவனத்தை நடத்தின. போருக்குப் பிந்திய பிரிட்டிஷ் கார்களில் மிகுதியும் காணப்பட்ட பெயர்களுள் இதுவும் ஒன்று. அங்கே வீட்டு வானொலிக்கு ஓர் உரிமம், கார் வானொலிக்குத் தனியே ஓர் உரிமம் என்ற வழக்கம் 1971 வரை இருந்தது. இங்கும் அஞ்சலகத்தில் பணம் கட்டி ஆண்டுதோறும் உரிமம் புதுப்பித்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு.

இந்தப் பெட்டிகள் தமிழ்நாட்டுக்கு வந்த வழி பிரிட்டிஷ் கார்களின் வழியே. சென்னைக்கு வடக்கே எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் தொடங்கி, ஆஸ்டின் கார்களைப் பாகங்களாகத் தருவித்துப் பூட்டி விற்றது. 1955இல் அது அசோக் லேலண்டாகி லாரி, பஸ் பக்கம் போய்விட்டது. கல்கத்தாவில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் உருவில் இந்துஸ்தான் 14, லேண்ட்மாஸ்டர், பின்னர் அம்பாசடர் என வரிசையாக வந்தன. இராசபாளையம் நூற்பாலைகளின் ஊர்; ராஜபாளையம் மில்ஸ் 1936இல் தொடங்கியது, அதன்பின் பல ஆலைகள் எழுந்தன. ஆலை இருந்தால் முதலாளி வீட்டில் கார் இருக்கும். கார் இருந்தால் டிரைவர் ஒருவர் இருப்பார். கார் வானொலியை முதலாளியைவிட அதிகம் கேட்டவர் அந்த டிரைவராகத்தான் இருந்திருப்பார். காத்திருப்பது அவருடைய வேலை அல்லவா!

எங்களிடம் வந்த பெட்டியும் அப்படிப்பட்ட ஒருவருடையது. 2014ஆம் ஆண்டு, பழைய மாணவர் ஒருவர் வந்து, "ஐயா, அப்பா வச்சிருந்த கார் ரேடியோ ஒண்ணு இருக்கு. கோயம்புத்தூர்க்காரர் ஒருத்தர் பதினெட்டாயிரத்துக்குக் கேட்கிறார். அசல் இங்கிலாந்துச் சரக்குதான்னு எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கிறேன் என்கிறார்" என்றார். பழைய ஆஸ்டின் ஏ 40 ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருந்த அந்த ஆர்வலருக்கு அதன் காலத்து வானொலி தேவைப்பட்டது. மாணவருக்கோ தங்கையின் கல்லூரிக் கட்டணம் முன்னே நின்றது. தந்தை இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆஸ்டினை விற்றுவிட்டு அம்பாசடர் வாங்கிய நாளில், முதலாளி வீட்டார் வானொலியைக் கழற்றி அவரிடம் கொடுத்தார்களாம். அது மெய்தானா, பெட்டி சொல்லப்படும் காலத்ததுதானா என்பதெல்லாம் இனிப் பெட்டியே சொன்னால்தான் உண்டு.

வீடு அய்யனார் கோவில் போகும் சாலையில், மாந்தோப்பு ஒன்றின் ஓரத்தில் இருந்தது. இராசபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் காட்டாற்றங்கரையில் இருக்கிறார் நீர்காத்த அய்யனார். மழை வலுத்து ஆற்றில் வெள்ளம் வந்தால் வனத்துறையார் வழியை அடைத்துவிடுவார்கள். மற்ற நாள்களில் பொங்கல் வைக்கவும் குளிக்கவும் கூட்டம் இருக்கும். முதலாளி குடும்பத்தை அங்கே இறக்கிவிட்டு, அவர்கள் சாமி கும்பிட்டுச் சாப்பிட்டுத் திரும்பும்வரை மரத்தடியில் காரை நிறுத்திக்கொண்டு வானொலி கேட்பார் அந்த டிரைவர் என்று அவர் மனைவி சொன்னார். எழுபத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். "இதுல இலங்கை எடுக்கும் தம்பி. வீட்டுல வச்சா இரையும். அய்யனார் கோயில்ல நின்னா தெளிவா எடுக்கும்" என்றார்.

இந்தக் கூற்றை நண்பர் உடனே குறித்துக்கொண்டார். செவிவழிச் செய்திதான், ஆயினும் உள்ளே ஓர் உண்மை இருக்கிறது. மின்கம்பிகளும் மோட்டார்களும் எழுப்பும் இரைச்சல் மத்திய அலையைப் பெரிதும் கெடுக்கும். அவையில்லாத காட்டோரத்தில் அதே பெட்டி தெளிவாகப் பேசும். ஓடும் காரில் எஞ்சினின் தீப்பொறி கூட ஒரு வானொலிக் குறுக்கீடுதான். அதை அடக்க ஸ்பார்க் பிளக் கம்பிகளில் சப்ரஸர் பொருத்துவது அக்காலத்துக் கார் வானொலி வேலையில் ஒரு பகுதி. எஞ்சினை நிறுத்திவிட்டுக் காட்டோரத்தில் கேட்டவருக்கு இரண்டு இரைச்சலும் இல்லை.

இனிப் பெட்டிக்கு வருவோம். தகரப் பெட்டிகள் இரண்டு. தடித்த கம்பிக்கட்டு ஒன்று இரண்டையும் இணைத்தது. ஒன்றில் முகப்புக் கண்ணாடியும் இரு குமிழ்களும். மற்றொன்று கனமானது, முகமற்றது. டாஷ்போர்டில் இடம் குறைவு என்பதால் மின்வழங்கும் பகுதியைத் தனியே பிரித்து மறைவாகப் பொருத்துவது வால்வு காலத்து வழக்கம். கடைக்குப் போகும் பழைய கார் வானொலிகளில் பல இந்த இரண்டாம் பெட்டி இல்லாமலே வருகின்றன. அது எதற்கென்று தெரியாமல் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். இவர் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டி வைத்திருந்தார். இரண்டும் சேர்ந்தது ஒரு வானொலி என்று அறிந்தவர் கட்டிய கட்டு அது.

முகப்பில் நிறுவனத்தின் பெயர் இருந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகள் மட்டும். கனத்த பெட்டியின் அடியில் ஒட்டிய தாள் பெரும்பகுதி உரிந்து, '...ஓமொபைல்' என்று முடியும் ஒரு சொல்லின் பின்பாதி எஞ்சியிருந்தது. கல்வெட்டில் முன்னெழுத்துகள் பொரிந்துபோனால் என்ன செய்வோமோ அதையே செய்தோம். 'ஆட்டோமொபைல்' என்று ஒரு பாடம். 'ரேடியோமொபைல்' என்று ஒரு பாடம். இரண்டும் இடத்துக்குப் பொருந்துவன. வெறும் சொல்லை வைத்துத் தீர்க்க முடியாது. தூசியை மெல்ல ஒற்றியெடுத்தபோது கீழ்வரியில் எச்.எம்.வி. என்ற மூன்றெழுத்து தெரிந்தது. கிராமபோன் கம்பெனியின் பெயர் உடனிருக்கையில் இரண்டாம் பாடமே கொள்ளத்தக்கது. பெட்டிக்குப் பெயர் கிடைத்தது.

அடுத்தது காலம். முகப்புக் கண்ணாடியில் இரண்டு அளவுகோல்கள். மேலே மத்திய அலை, மீட்டரில், கீழே நெட்டலை. எண்களுக்கிடையே இரண்டு நிலையப் பெயர்கள். 1500 மீட்டருக்கு அருகில் 'லைட்' என்றும், 208க்கு அருகில் 'லக்ஸ்' என்றும் இருந்தன. பாட்டில் ஒரு மன்னன் பெயர் வந்தால் அப்பாட்டு அவனுக்கு முற்பட்டதாக இருக்க முடியாது அல்லவா? இங்கும் அதே தருக்கம்தான். பிபிசியின் 'லைட் புரோகிராம்' 1945இல் தொடங்கி 1967இல் முடிந்தது. லக்ஸம்பர்க் வானொலியின் ஆங்கில ஒலிபரப்பு போருக்குப் பின் சில ஆண்டுகள் நெட்டலையில் 1293 மீட்டரில் இருந்து, 1951இல் மத்திய அலை 208 மீட்டருக்கு மாறியது. ஆகவே கண்ணாடி 1951க்குப் பிற்பட்டது, 1967க்கு முற்பட்டது.

அந்த இடைவெளியைச் சுருக்கியவை வால்வுகள். ஐரோப்பிய வால்வுகளின் பெயர் இடுகுறிப் பெயரன்று, காரணப் பெயர். முதலெழுத்து 'இ' என்றால் சூடேற்றும் இழைக்கு 6.3 வோல்ட். அதன்பின் வரும் 'எஃப்' என்பது பென்டோடு, 'சி' டிரையோடு, 'எச்' ஹெக்சோடு அல்லது ஹெப்டோடு, 'பி' இரட்டை டையோடு, 'எல்' ஒலிபெருக்கியைத் தள்ளும் வெளியீட்டு வால்வு, 'இசட்' முழு அலை ரெக்டிஃபையர். பின்வரும் எண்ணின் முதல் இலக்கம் அடிப்பாகத்தைச் சொல்லும். 3 என்று தொடங்கினால் போருக்கு முந்திய பருத்த ஆக்டல் வகை; 4 என்றால் போருக்குப் பின் வந்த எட்டுக்கால் ரிம்லாக்; 8 என்றால் 1950களில் பரவிய ஒன்பது கால் சிறு வால்வு. எழுத்தின் வடிவத்தை வைத்துக் கல்வெட்டின் நூற்றாண்டைச் சொல்வதற்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

எங்கள் பெட்டியில் இருந்தவை ஆறு: இரண்டு இ.எஃப். 89, ஓர் இ.சி.எச். 81, ஓர் இ.பி.சி. 81, ஓர் இ.எல். 84, ஓர் இ.இசட். 80. எல்லாம் 8இல் தொடங்குவன. எல்லாம் ஒன்பது கால். 1950களின் பிற்பகுதியில் வால்வோடு டிரான்சிஸ்டரைக் கலந்த பெட்டிகள் வரத் தொடங்கின. 1960களில் வால்வு அறவே நீங்கிற்று. இதில் டிரான்சிஸ்டர் ஒன்றும் இல்லை. எனவே 1950களின் நடுப்பகுதி என்று துணியலாம். அசோக் மோட்டார்ஸ் ஆஸ்டினைப் பூட்டிய காலத்தின் இறுதியோடு இது ஒட்டி வருகிறது.

இவ்வளவும் வாங்குபவருக்குச் சொல்ல வேண்டியவை. எங்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டியிருந்தது: பெட்டியை மின்கலத்தோடு இணைத்துப் பார்க்கலாமா? அந்த அம்மா ஒரு தடவை கேட்க விரும்பினார். விற்பதற்கு முன் பேசுமா என்று தெரிந்துகொள்வது மகனுக்கும் நல்லது. ஆனால் இணைக்கும் முறை பிழைத்தால் அறுபதாண்டுப் பெட்டி ஒரு நொடியில் புகைந்துவிடலாம். அடையாளம் காண்பது என்பது அப்போது ஏட்டு வேலையாக இருக்கவில்லை.

அக்காலப் பிரிட்டிஷ் கார்களில் மின்கலத்தின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். மெக்கானிக்குகள் 'பாசிட்டிவ் எர்த்' என்பார்கள். ஆஸ்டின் ஏ 40உம் அவ்வாறே. பின்வந்த கார்களில் எதிர்முனை உடலோடு சேர்ந்தது. ஒன்றுக்குச் செய்த வானொலியை மற்றொன்றில் கண்ணை மூடிக்கொண்டு பொருத்தினால் ஆபத்து. ஆபத்து எவ்வளவு என்பது உள்ளமைப்பைப் பொறுத்தது.

வால்வு வேலை செய்ய இருநூறு வோல்ட் அளவில் உயர் மின்னழுத்தம் வேண்டும். காரில் இருப்பதோ 12 வோல்ட். மாறாத நேர்மின்னோட்டத்தை டிரான்ஸ்ஃபார்மர் ஏற்றாது. ஆகவே 'வைப்ரேட்டர்' என்ற சிறு குப்பி. உள்ளே ஒரு மெல்லிய எஃகு நாக்கு நொடிக்கு நூறு தடவை அளவில் துடித்து, மின்னோட்டத்தை வெட்டி வெட்டித் தரும். வெட்டுண்ட மின்னோட்டத்தை டிரான்ஸ்ஃபார்மர் உயர்த்தும். உயர்ந்ததை ரெக்டிஃபையர் மீண்டும் ஒருதிசைப்படுத்தும். பழைய கார் வானொலியைப் போட்டதும் கேட்கும் வண்டின் முரல் போன்ற ஓசை இந்த நாக்கினுடையது.

வைப்ரேட்டரில் இரு வகை. தானே வெட்டித் தானே ஒருதிசைப்படுத்துவது ஒருவகை. அதற்கு முனைகள் மாறினால் வெளிவரும் உயர் மின்னழுத்தமும் தலைகீழாகும். உள்ளிருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர்கள் கெடும். வெட்டுவது மட்டும் தன் வேலையாக, ஒருதிசைப்படுத்துவதை ரெக்டிஃபையர் வால்வுக்கு விடுவது மறுவகை. இதற்கு எந்த முனை எந்தப் பக்கம் என்பது பொருட்டன்று. நம் பெட்டியில் இ.இசட். 80 இருக்கிறது. அந்த ஒரு 'இசட்' எழுத்து போதும். இது இரண்டாம் வகை. ஓரெழுத்தால் பொருள் மாறும் இடங்களை வகுப்பில் எத்தனையோ காட்டியிருக்கிறோம். ஓரெழுத்து ஒரு பெட்டியின் உயிரைக் காத்த இடம் எங்களுக்கு இது ஒன்றே. டிரான்சிஸ்டர் கலந்த பெட்டியாக இருந்திருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

இனி இடைச்செருகல்கள். ஆறு வால்வுகளில் ஐந்தில் முல்லார்டு நிறுவனத்தின் முத்திரை. ஆறாவதான இ.எல். 84இல் மட்டும் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸின் முத்திரை. 1954இல் நிறுவப்பட்ட அந்த அரசு நிறுவனம் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது 1960களில். ஆகவே இந்த ஒன்று பிற்காலத்தது. மிகுதியாகச் சூடேறி முதலில் தேய்வது வெளியீட்டு வால்வுதான். தேய்ந்தபோது யாரோ மாற்றியிருக்கிறார். இரண்டாவது இடைச்செருகல் கண்ணாடியில் இருந்தது. மத்திய அலை அளவுகோலில் 250க்கு நேரே குங்குமப்பொட்டு அளவில் சிவப்புச் சாயப் புள்ளி. சற்றுத் தள்ளி, ஊசியால் கீறியது போல் ஒரு கோடு.

புள்ளியைப் பார்த்ததும் எங்களுக்குப் புரிந்துவிட்டது. திருநெல்வேலி வானொலி நிலையத்தின் அலைவரிசை 1197 கிலோஹெர்ட்ஸ், அதாவது 250.6 மீட்டர். எங்கள் வயதில் தென் மாவட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அது மனப்பாடம். அந்நிலையம் தொடங்கியது 1963இல். அப்படியானால் புள்ளி அதற்குப் பிற்பட்டது. கீறலைக் காட்டி அம்மாவிடம் கேட்டபோது, தயக்கமின்றி, "அது இலங்கை" என்றார்.

இலங்கை வானொலியை இந்தப் பகுதி மக்கள் அவ்வளவு தேடியதற்குக் காரணம் உண்டு. பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக 1952இல் பொறுப்பேற்ற பின் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு இடம் சுருங்கிற்று. அந்த வெற்றிடத்தை நிரப்பியது கொழும்பு. 1957இல் விவித பாரதி வந்த பிறகும் கொழும்பில் கேட்ட காது கொழும்பிலேயே நின்றது. கடல்நீர் மத்திய அலையை நன்றாகக் கடத்தும் என்பதால் நடுவே கிடந்த கடலும் ஒலியைத் தடுக்கவில்லை, கொண்டுவந்து சேர்த்தது.

நெட்டலைக்கு வருவோம். நெட்டலை ஒலிபரப்பு ஐரோப்பாவையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்தது; இந்தியாவில் அது கிடையாது. ஏற்றுமதிக்கென்று சிற்றலை வைத்துச் செய்த பெட்டிகளும் உண்டு, இது அவ்வகையன்று. அதாவது முகப்பின் கீழ்ப்பாதி முழுவதும் இந்த ஊரில் எக்காலத்தும் ஊமை. அங்கே 'லைட்' என்று எழுதியிருக்கிறது, கேட்டவர் இல்லை. மேற்பாதியில் எழுதப்படாத திருநெல்வேலிக்கும் கொழும்புக்கும் ஒரு பொட்டும் ஒரு கீறலும். அச்சிட்ட எழுத்தைவிட அவைதான் படிக்கப்பட்டவை.

நண்பர் பெட்டியை எழுப்ப ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எடுத்துக்கொண்டார். வைப்ரேட்டர் குப்பியைத் திறந்து, களிம்பேறிய தொடுமுனைகளைத் துடைத்தார். இ.எல். 84க்கு முன்னிருக்கும் மெழுகுத்தாள் கண்டன்சர் கசிந்தால் வால்வு வெந்துவிடும் என்று அதை மட்டும் மாற்றினார். கழற்றியதை ஓர் அஞ்சல் உறையிலிட்டு, தேதியும் எடுத்த இடமும் எழுதிப் பெட்டிக்குள் வைத்தார். பதிப்பாசிரியர் தாம் திருத்திய சொல்லுக்கு அடிக்குறிப்பில் மூலபாடம் தருவது போல. லாரி மின்கலம் ஒன்று, நடுவே ஒரு ஃபியூஸ், மாங்கிளையில் வீசிய ஐந்து மீட்டர்க் கம்பி. முனை எதுவானாலும் பாதகமில்லை என்று தெரிந்தும், ஆஸ்டினில் இருந்தபடியே நேர்முனையைப் பெட்டியின் உடலுக்குக் கொடுத்தார்.

நாக்கு முரன்றது. வால்வுகள் சூடேற அரை நிமிடம். பிறகு இரைச்சல். குமிழைச் சிவப்புப் பொட்டுக்குத் திருப்பினால், தொலைவில் யாரோ பேசுவது போல் திருநெல்வேலி. சொல் புரிந்தது, ஆனால் மெலிது. அம்மா சற்று நேரம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பக்கவாட்டுல ஒரு ஓட்டை இருக்கும் பாருங்க தம்பி. அவுக அதுல ஸ்குரு டிரைவரை விட்டுத் திருப்புவாக. சத்தம் ஏறும்."

அது ஏரியல் டிரிம்மர். காரின் ஏரியலுக்கும் பெட்டிக்கும் இசைவு ஏற்படுத்தும் சிறு திருகு. பொருத்தும்போது ஒரு தடவை, மெலிந்த நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒலி உச்சத்துக்கு ஏறும்வரை திருப்ப வேண்டும் என்பது அதன் இலக்கணம். நண்பர் அடுத்துத் தொடவிருந்ததும் அதைத்தான். திருப்பினார், குரல் அருகே வந்தது. எங்களுக்கு அந்தக் கணத்தில் கிடைத்தது திருநெல்வேலி மட்டுமன்று. பெட்டியைப் பழைய இரும்பிலிருந்து பொறுக்கியவருக்கு இந்தத் திருகு தெரிந்திருக்காது. பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வை வாங்கிச் செருகிய கை எது, பொட்டு வைத்த கை எது, இரு பெட்டிகளையும் ஒரே சாக்கில் கட்டிய கை எது என்பதற்கெல்லாம் அவ்வம்மாவின் ஒரு வாக்கியம் புறச்சான்றாயிற்று. மகன் ஒன்றும் பேசவில்லை. தந்தையை வண்டி ஓட்டுபவராக மட்டுமே அறிந்திருந்தார் போலும்.

"எஞ்சினை அணைச்சிட்டு ரொம்ப நேரம் போட்டா பேட்டரி இறங்கிரும். முதலாளி ஏசுவாரு. இவுக முன்னால கைப்பிடியைப் போட்டுச் சுத்தி ஸ்டார்ட் பண்ணுவாக" என்றார் அம்மா. கணக்கும் சரியே. இவ்வகைப் பெட்டி மூன்று ஆம்பியருக்கு மேல் குடிக்கும். பகலெல்லாம் ஓடினால் அக்காலத்து மின்கலம் தாங்காது. அன்று மாலை இலங்கை வரவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவுமில்லை.

வாங்குபவருக்கு இரண்டு பக்கம் எழுதினோம். நிறுவனம், காலம், வால்வுகள், கசிந்த கண்டன்சரை மாற்றியது, பெங்களூரு வால்வு, பெயர்த்தகடு இல்லாதது, கண்ணாடியில் பொட்டும் கீறலும் என எதையும் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் பதினெட்டாயிரம் கிடைத்திருக்கலாம். மாணவரே அதை விரும்பவில்லை. அவர் பன்னிரண்டாயிரம் தருவதாகச் சொன்னார். பெங்களூரு வால்வை எடுத்துவிட்டு முல்லார்டு போட வேண்டும், பொட்டு வைத்த கண்ணாடிக்குப் பதில் வேறு கண்ணாடி தேட வேண்டும், அந்தச் செலவைக் கழித்த தொகை என்றார். அவர் நோக்கில் அது நியாயமே. அவருக்குத் தேவை ஆலையிலிருந்து வெளிவந்த நாளின் வடிவம். இடைச்செருகல் நீக்கிய மூலபாடம்.

இந்த இடத்தில்தான் எங்கள் பாடத்திலிருந்து பெட்டி விலகுகிறது. மூலபாடத்தைத் தேடும்போது பிற்காலக் கையை விலக்குவது பதிப்பு நெறி. ஆனால் இந்த வானொலியின் மூலத்தில் இராசபாளையத்துக்கு இடமே இல்லை. லண்டனில் வடிவமைத்தவருக்குத் திருநெல்வேலி தெரியாது. இந்த ஊர் அதற்குள் வந்த இடங்கள் மூன்றே: ஒரு மாற்று வால்வு, ஒரு பொட்டு, ஒரு கீறல். அவற்றை நீக்கினால் பெட்டி தூயதாகும். எவரும் கேளாத வானொலியும் ஆகிவிடும். ஏட்டின் ஓரத்தில் படித்தவர் கிறுக்கிய குறிப்பே அந்த ஏடு படிக்கப்பட்டது என்பதற்குச் சான்று. உரை வேண்டாம், மூலம் மட்டும் போதும் என்பவர்களோடு நமக்கு வழக்கில்லை. யாருடைய உரை என்று எழுதிவைத்துவிட்டாவது நீக்குங்கள் என்பதே கேட்டுக்கொள்வது.

அம்மா இவ்வளவு யோசிக்கவில்லை. விலையைக் கேட்டார், கட்டணத்தில் பாதிக்கு வரும் என்று மகன் சொன்னார். "கண்ணாடியைத்தான் மாத்தப் போறாரே, அப்ப அது அவருக்கு எதுக்கு?" என்றார். நண்பர் நான்கு திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். பெங்களூரு வால்வையும் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்டோம். அவர் பஞ்சில் சுற்றி அனுப்பிவைத்தார். பெட்டிக்கு ஆஸ்டின் கிடைத்தது, பெண்ணுக்குக் கட்டணம் கட்டப்பட்டது.

பழைய கார் வானொலி எதுவும் உங்கள் வீட்டிலோ உறவிலோ இருந்தால் சில சொற்கள். இரண்டாவது தகரப் பெட்டி இருந்தால் பிரிக்காதீர்கள். வால்வுகளின் எழுத்தை விரலால் துடைக்காதீர்கள். அந்தச் சாயம் எளிதில் போய்விடும், போனால் பெயர் போயிற்று. 'இசட்' என்ற எழுத்துள்ள வால்வு இருக்கிறதா என்று பார்க்காமல் மின்கலத்தைத் தொடுக்காதீர்கள். இருந்தாலும் பழைய கண்டன்சர்களைத் தெரிந்தவர் ஒருவர் சோதித்த பிறகே தொடுங்கள். உள்ளே ஓடுவது இருநூறு வோல்ட் என்பதும் நினைவிருக்கட்டும். முகப்புக் கண்ணாடியில் பொட்டோ கீறலோ இருந்தால், துடைப்பதற்கு முன் அந்த வீட்டின் மூத்தவர் ஒருவரை அழைத்து, இது எந்த ஊர் என்று கேட்டு, சொன்னதை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். ஆலைக்காரர் ஒட்டிய தாள் உரிந்துபோனாலும் அது இருக்கும்.